தபாலில் வந்த ஐந்து சென்ட்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தர்ம ஸ்தாபனங்களின் நிர்வாகக் குழுக்களில் அங்கம் வகிக்கும் தமிழன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

கல்வியின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் இந்நாட்டுக்கு வந்து, வைத்தியர்களாகவும் பொறியியல் வல்லுநர்களாகவும் பேராசிரியர்களாகவும் நிலைபெற்று, தாம் ஈட்டிய செல்வத்தில் ஒரு பகுதியையும் அதனினும் அரிதான ஓய்வு நேரத்தையும் பிறர் நலத்துக்கென்று ஒதுக்கி, ஆஸ்பத்திரி, அநாதை நிலையம், பார்வையற்றோர் பள்ளி, பசிப்பிணி தீர்க்கும் இயக்கம் என்று பலவகைப்பட்ட ஸ்தாபனங்களின் நிர்வாகத்தில் ஊதியமின்றி உழைத்துவரும் உங்கள்மீது எனக்குள்ள மதிப்பு சிறிதன்று. அந்த மதிப்புத்தான் இம்மடலை எழுதும் துணிவையும் தந்தது. உங்கள் குழுவின் கூட்டத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, மற்ற விஷயங்களையெல்லாம் பேசி முடித்து அனைவரும் எழுந்திருக்கும் தறுவாயில், நிதி திரட்டும் கடிதங்களுக்கான ஒப்பந்தம் என்று ஒரு காகிதம் முன்வைக்கப்படும்; அதைப் பற்றி எவரும் அதிகம் கேட்பதில்லை; கைகள் உயர்ந்து தாழ்கின்றன. அந்த ஒரு காகிதத்தைப் பற்றியே உங்களுடன் பேச விரும்புகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம், தர்மம் என்ற சொல்லையும் கடன் என்ற சொல்லையும் எந்தப் பாஷையில் கேட்டு வளர்ந்தோமோ, அந்தப் பாஷையில்தான் இவ்விரண்டையும் பிரித்துப் பேச எனக்கு முடிகிறது.

நான் ஒஹாயோ மாகாணத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குத் தணிக்கைத் தொழில் செய்து ஓய்வு பெற்றவன். சிறிதும் பெரிதுமான பல தர்ம ஸ்தாபனங்களின் வரவு செலவுகளைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறேன். அக்காலத்தில் இந்தக் கடிதங்களை நான் எண்களாக மட்டுமே அறிந்திருந்தேன்: அச்சுக்கூலி இவ்வளவு, தபால் செலவு இவ்வளவு, திரும்பி வந்த தொகை இவ்வளவு. அவை போய்ச் சேரும் வீட்டை நான் பார்த்ததில்லை. சென்ற குளிர்காலத்தில், எங்கள் அண்டை வீட்டில் தனியே வசித்துவந்த எண்பத்தெட்டு வயது அம்மையார் ஒருவர் உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தபோதுதான் அந்த வீட்டை நான் பார்க்க நேர்ந்தது. நெடுங்காலம் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர்; கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன; பெண் ஒருத்தி, தொலைவான வேறொரு மாகாணத்தில். கண்பார்வையும் மங்கியிருந்தபடியால், என் மனைவி ரசமும் சாதமும் எடுத்துக்கொண்டு போகும் மாலை வேளைகளில் நானும் கூடச் சென்று, வாயிற்பெட்டியிலிருந்து தபாலை எடுத்துவந்து, சமையலறை மேஜைமேல் பரப்பி ஒவ்வொன்றாக அவருக்குப் படித்துக்காட்டும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

வாரம் ஒன்று முடிவதற்குள் மளிகைக்கடைக் காகிதப் பை ஒன்று நிரம்பிவிட்டது. அவற்றுள் உறவினர் கடிதம் ஒன்றோ இரண்டோ. மின்சாரக் கட்டணம், வைத்தியக் கட்டணம் சில. எஞ்சியவை யாவும் தர்மத்தின் பெயரால் வந்தவை. பழுப்பு நிற உறையில் கண்ணாடித்தாள் சன்னல் வைத்து, அரசாங்கக் காரியாலயத்திலிருந்து வந்ததோ என்று பார்த்தவுடன் நெஞ்சு துணுக்குறும்படி அமைந்த கடிதங்கள். மேலே சிவப்பெழுத்தில் ‘இரண்டாம் அறிவிப்பு’, ‘இறுதி அறிவிப்பு’ என்று பொறித்து, உள்ளே கட்டணச் சீட்டைப் போலவே கோடிட்டு, செலுத்த வேண்டிய தொகை என்று ஒரு கட்டமும் அதற்குள் ஓர் எண்ணும் அச்சிட்டு, உண்மையில் எந்தக் காலத்திலும் வாக்களிக்கப்படாத ஒரு நன்கொடையைப் பாக்கியைப் போலக் காட்டிய கடிதங்கள். நீல மையில் ஒருவர் கைப்பட எழுதியதுபோலவே இயந்திரம் எழுதிய விலாசங்கள். கருத்துக் கணிப்பு என்று தலைப்பிட்டு ஏழெட்டுக் கேள்விகள் கேட்டு, கடைசிக் கேள்வியாக எத்தனை டாலர் தருகிறீர்கள் என்று முடித்த தாள்கள். இவற்றோடு, அவர் பெயரும் விலாசமும் பூங்கொத்துப் படங்களுடன் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுக்கள், வாழ்த்து அட்டைகள், நாட்காட்டிகள், ஒருநாள் ஒரு சோடிக் கையுறை, மற்றொரு நாள் சிறு போர்வை ஒன்று. எல்லாவற்றையும்விட என் மனத்தை வருத்தியவை, சன்னலுக்குள் பளபளவென்று தெரியும்படி ஐந்து சென்ட் நாணயம் ஒன்றைக் காகிதத்தில் ஒட்டி அனுப்பிய கடிதங்களே.

அந்த நாணயங்களை அம்மையார் செலவிட்டதில்லை. அவை தமக்குரியவை என்று அவர் நினைக்கவே இல்லை. பசையைச் சுரண்டித் துடைத்து, சமையலறை அலமாரியில் இருந்த கண்ணாடிச் சீசா ஒன்றில் போட்டுவைப்பார். போட்ட அன்றே, அந்தக் கடிதத்தை அனுப்பிய ஸ்தாபனத்துக்கு ஐந்து டாலருக்கு ஒரு செக் எழுதி அனுப்புவார். ஏன் என்று நான் கேட்டபோது, ஏழைகளுக்கென்று சேர்த்த பணத்திலிருந்து தமக்கு ஒரு காசு வந்துவிட்டால் அதைத் திருப்பாமல் இரவில் எப்படித் தூங்குவது என்று என்னையே திருப்பிக் கேட்டார். ஒட்டுச்சீட்டுக்களை உபயோகித்தால் அதற்கும் ஒரு செக். உபயோகிக்காவிட்டாலும், தம் பெயர் அச்சிட்டதை வேறெவர் உபயோகிக்க முடியும் என்ற சங்கடத்தில் அதற்கும் ஒன்று. அவருடைய ஓய்வூதியம் பெரிதன்று. வீட்டின் வெப்பத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு கம்பளிச் சட்டைமேல் சட்டை அணிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், பசை துடைத்த காசுக்காக ஐந்து டாலர் அனுப்பிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

நம் ஊர்க் கலியாணங்களில் மொய் எழுதும் வழக்கத்தை நீங்கள் அறிவீர்கள். பந்தல் வாயிலில் ஒருவர் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்து, இன்னார் மகன் இன்னார் இவ்வளவு என்று எழுதிக்கொள்வார். எழுதியது ஒருநாள் திருப்பிச் செய்ய வேண்டியது என்பது வைப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். அதில் மறைவு ஒன்றும் இல்லை. கோயில் உண்டியலோ அதற்கு நேர்மாறானது. அது எவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, எவர் போட்டார் எவர் போடவில்லை என்று பார்ப்பதுமில்லை. நம் வீட்டுப் பெண்கள் உலையில் அரிசி இடுமுன் தினந்தோறும் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் எடுத்துவைத்த பிடியரிசி வழக்கத்திலும், கொடுத்தவள் கைக்கும் உண்டவன் வாய்க்கும் நடுவே லஜ்ஜைக்கு இடமிருந்ததில்லை. ஆனால் அழையாத வீட்டுக்குள் ஒரு காசை எறிந்துவிட்டு, எறிந்த காசு பெற்றவர் மனத்தில் மொய்யைப்போல உறுத்தும் என்று முன்கூட்டியே கணித்து, அந்த உறுத்தலை அறுவடை செய்து, அதற்கு உண்டியல் என்று பெயரிடுவது எவ்வகையைச் சேர்ந்தது என்பதை நீங்கள் ஆலோசிக்க வேண்டும்.

சட்டம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். 1970-ஆம் ஆண்டின் தபால் சீரமைப்புச் சட்டம், கேட்காத பண்டத்தை ஒருவருக்குத் தபாலில் அனுப்பிவிட்டுப் பின்னர் விலை கேட்கும் வியாபாரிகளின் வழக்கத்தை ஒழிக்கும் பொருட்டு, அத்தகைய பண்டங்களை அனுப்பக்கூடாதென்று விதித்தது. அவ்விதிக்கு இரண்டே விலக்குகள் உண்டு: இலவச மாதிரி என்று தெளிவாகக் குறித்து அனுப்பப்படுபவை ஒன்று, நன்கொடை கோரும் தர்ம ஸ்தாபனங்கள் அனுப்புபவை மற்றொன்று. வணிகனுக்கு அடைத்த கதவைத் தர்மத்துக்குத் திறந்துவைத்தார்கள். பெற்றவர் அதைத் தமக்களித்த பரிசாகவே பாவித்து வைத்துக்கொள்ளலாம், உபயோகிக்கலாம், எறிந்தும்விடலாம், யாதொரு கடப்பாடும் இல்லை என்பதையும் அச்சட்டமே சொல்கிறது. இதை நான் அம்மையாருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டம் தம்மை மன்னிக்கலாம், ஆனால் காசு தம்முடையதல்லவே என்றார். எவருடைய உள்ளத்தில் இந்தச் சட்டத்தின் ஆறுதல் ஏறாதோ, அவர்களையே தேடி அந்தக் காசு அனுப்பப்படுகிறது.

இந்த நாட்டில் தபாலும் தர்மமும் கைகோத்த கதை இழிவாகத் தொடங்கியதன்று. டென்மார்க்கில் தபால் உத்தியோகத்தில் இருந்த ஐனார் ஹோல்போல் என்பவர், கிறிஸ்துமஸ் கடிதங்கள் மலைபோல் குவிவதைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு முத்திரை கூடுதலாக ஒட்டப்பட்டால் நோயுற்ற குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரி கட்டலாமே என்று நினைத்தார். 1904-ல் அந்த முத்திரை வெளிவந்தது. மூன்றாண்டுகளுக்குப் பின், டெலவேர் மாகாணத்தில் சிறிய காசநோய் விடுதி ஒன்று 300 டாலர் இல்லாமல் மூடும் நிலையில் இருந்தபோது, எமிலி பிஸ்ஸல் என்ற மாதரசி அதே உபாயத்தைக் கையாண்டு, ஒரு பென்னிக்கு ஒரு முத்திரையாக விற்று, வேண்டியதைப்போலப் பத்து மடங்கு திரட்டினார். வேண்டியவர் ஒரு பென்னி கொடுத்து வாங்கினார். வேண்டாதவர் பேசாமல் போனார். இந்தியாவிலும் ஆண்டுதோறும் காந்தியடிகளின் பிறந்தநாளாகிய அக்டோபர் 2-ல் காசநோய் முத்திரை இயக்கம் தொடங்கும். பள்ளிக்கூடத்தில் அந்த முத்திரைகளை வாங்கிப் புத்தக அட்டையில் ஒட்டிக்கொண்ட ஞாபகம் உங்களுள் பலருக்கும் இருக்கும்.

1938-ன் கதை இன்னும் சிறந்தது. இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் முடங்கிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாக இருந்த அந்நாளில், அந்த நோயை எதிர்க்க ஒரு தேசிய ஸ்தாபனம் அமைக்கப்பட்டது. எட்டி காண்டர் என்ற நடிகர் வானொலியில் பேசி, ஆளுக்கு ஒரு ‘டைம்’, அதாவது பத்து சென்ட், வெள்ளை மாளிகைக்கே அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டார். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்து குவிந்து மாளிகையின் தபால் வேலையே ஸ்தம்பித்தது. 26,80,000 டைம்கள் வந்தன என்பது அந்த ஆண்டின் கணக்கு. அப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தின் துணைகொண்டே ஜோனாஸ் சால்க்கின் தடுப்பு மருந்து 1955-ல் பயனுக்கு வந்தது. அன்று காசு ஏழை வீட்டிலிருந்து புறப்பட்டுத் தர்மத்தின் வாயிலுக்குச் சென்றது. தர்மத்தின் வாயிலிலிருந்து காசு புறப்பட்டு ஏழை வீட்டுக்குள் வந்து, அங்கிருக்கும் கிழவியின் மனச்சாட்சியைக் கிளறிவிட்டு, நூறு மடங்காகப் பெருகித் திரும்பும் இன்றைய வழியை அந்த டைமின் சந்ததி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

இனி, இக்கடிதங்கள் எவரெவருக்குப் போகவேண்டும் என்று பெயரும் விலாசமும் குறித்துவைத்திருக்கும் ஜாபிதாவுக்கு வருவோம். இது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம். அம்மையாரின் குடும்பப்பெயரில் இரண்டு எழுத்துக்களை மாற்றி எழுதிய கடிதம் ஒன்று ஒரு ஸ்தாபனத்திலிருந்து வந்தது. எழுத்துப்பிழைதானே என்று நான் பொருட்படுத்தவில்லை. ஆறேழு வாரம் கழித்து, அதே பிழையோடு மிருகங்களைக் காக்கும் இயக்கம் ஒன்று எழுதியது. பின்னர் கண் நோய்க்கென்று ஒன்று, போர்வீரர்களுக்கென்று ஒன்று, அம்மையார் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத வேறு பலவும் அதே பிழையோடு எழுதின. கொடுத்தவர்களின் விலாசங்களைத் தரகர் மூலமாக வாடகைக்கு விடுவதும், ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதும் இத்தொழிலில் சர்வசாதாரணம். அந்த ஜாபிதாக்களைத் தரம் பிரிப்பதற்கு மூன்று அளவைகள் வைத்திருக்கிறார்கள்: கடைசியாக எப்போது கொடுத்தார், எத்தனை முறை கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பன அவை. சமீபத்தில் கொடுத்தவரும் அடிக்கடி கொடுத்தவருமே மிகச் சிறந்த பெயர்கள். இப்போது, ஐந்து ஐந்து டாலராக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டு, கொடுத்ததை மறந்து மறுபடியும் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு முதியவரை எண்ணிப் பாருங்கள். இம்மூன்று அளவைகளில் இரண்டு அவரை ஜாபிதாவின் உச்சியில் கொண்டுபோய் வைத்துவிடும். எவரும் அவரைத் தீங்கு செய்யவேண்டுமென்று தேர்ந்தெடுப்பதில்லை. ஞாபகம் தேயத் தேய, மனம் இளக இளக, அவர் தாமாகவே மேலே மேலே ஏறுகிறார். அம்மையாரின் செக் புத்தகத்தை அவர் அனுமதியோடு புரட்டியபோது, ஒரே மாதத்தில் ஒரே ஸ்தாபனத்துக்கு மூன்று செக்குகள் எழுதியிருந்ததைக் கண்டேன். மூன்றும் அழகான, ஆசிரியைக்குரிய கையெழுத்து. நான் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. தாம் மறந்ததைக் காட்டிலும், மறந்ததை நான் பார்த்துவிட்டது அவரை வருத்தியது.

பெயரை நீக்கும்படி அவர் சார்பில் நானே பல கடிதங்கள் எழுதினேன். சில ஸ்தாபனங்கள் மரியாதையாகப் பதில் எழுதி நிறுத்திக்கொண்டன. அவர்களுக்கு என் நன்றி. சில, நீக்கிவிட்டோம் என்று எழுதிய மறுமாதமே வேறொரு ஜாபிதாவிலிருந்து அதே பெயரை எடுத்து எழுதின. 1993-ல் இந்நாட்டின் நிதி திரட்டுவோர் சங்கங்களே ஒன்றுகூடி, கொடுப்பவரின் உரிமைகள் என்று பத்து உரிமைகளை வகுத்து வெளியிட்டன. ஜாபிதாவைப் பிறரோடு பகிர்வதாக இருந்தால் தம் பெயரை அதிலிருந்து நீக்கிக்கொள்ளும் வாய்ப்பு கொடுப்பவருக்கு உண்டு என்பது அவற்றுள் ஒன்று. உங்களில் பலருடைய காரியாலயங்களில் அது சட்டமிட்டுச் சுவரில் தொங்குகிறது. அந்த வாய்ப்பை உங்கள் கடிதம் எங்கே தருகிறது, எத்தனை சிறிய எழுத்தில் தருகிறது, மங்கிய கண்ணுக்கு அது தென்படுமா என்று ஒருமுறை பாருங்கள்.

அடுத்துச் சொல்லப்போவது என் தொழிலைப் பற்றியது. இதில் எனக்கும் பங்குண்டு. உதாரணமாக, ஒரு நோயை ஒழிக்கப் பாடுபடும் ஸ்தாபனம் லட்சக்கணக்கில் கடிதம் அனுப்புகிறது. அந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில், உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், இன்ன அறிகுறி கண்டால் வைத்தியரிடம் செல்லுங்கள் என்று நான்கு வரி அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த நான்கு வரியின் காரணமாக, கடிதத்தின் செலவில் ஒரு பகுதி, சில வேளை பெரும் பகுதி, நிதி திரட்டிய செலவாகக் காட்டப்படாமல் ‘பொதுஜனப் போதனை’ என்ற தலைப்பில், அதாவது செய்த தர்மமாகவே, கணக்கில் ஏறுகிறது. கணக்காளர் சங்கம் 1998-ல் வகுத்த விதி இதற்கு இடந்தருகிறது. நோக்கம், வாசிப்போர், உள்ளடக்கம் என்று மூன்று பரீட்சைகளை அது விதிக்கிறது. முன்னமே நன்கொடை கொடுத்தவர்களுக்கு அனுப்பும் கடிதம் இரண்டாம் பரீட்சையில் தேறாதென்றே அனுமானிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் தக்க காரணம் காட்டி அந்த அனுமானத்தை மறுக்கவும் வழிவிட்டிருக்கிறது. அந்த வழியில் சென்ற கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். விதிக்கு உட்பட்டவையே என்பதால் கையொப்பமும் இட்டிருக்கிறேன். அம்மையாரின் மேஜையருகே உட்கார்ந்து, உப்பைக் குறையுங்கள் என்ற வரியை அவருக்குப் படித்துக்காட்டியபோது, அதுவரை என் மனத்தில் அடங்கியிருந்த ஒன்று அடங்க மறுத்தது. இந்த வாசகம் அவருக்குப் போதிப்பதற்காக எழுதப்பட்டதன்று; எங்களைப் போன்றவர்கள் கணக்கை வேறொரு பத்தியில் எழுதுவதற்காக எழுதப்பட்டது. நான் இட்ட கையொப்பங்களை இனி அழிக்க முடியாது. இன்று அவ்விடத்தில் அமர்ந்திருக்கும் உங்களால், அடுத்த ஆண்டுக் கணக்கை வேறுவிதமாக எழுதச் சொல்ல முடியும். 990 என்ற எண்ணுள்ள படிவத்தில் ஆண்டுதோறும் நீங்கள் வருமான வரி இலாகாவுக்குத் தரும் அந்தக் கணக்கை எவரும் கேட்டுப் பார்க்கலாம். பார்ப்பவரில் பெரும்பாலோர் போதனை என்ற சொல்லைப் போதனை என்றே நம்புகிறார்கள்.

அரசாங்கம் இவற்றையெல்லாம் தடுத்துவிடாதா என்று கேட்கலாம். மாகாணங்கள் முயன்றன. திரட்டிய பணத்தில் இத்தனை சதவீதத்துக்குமேல் செலவுக்கு எடுக்கக்கூடாது என்று விதித்த சட்டங்களை உச்ச நீதிமன்றம் 1980, 1984, 1988 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புக்களால் தள்ளிவிட்டது. தர்மம் கேட்பது பேச்சுச் சுதந்திரத்தைச் சேர்ந்தது, சதவீதத்தை வைத்து அதைக் கட்டுப்படுத்த இயலாது என்பது அத்தீர்ப்புக்களின் சாரம். நீதிபதிகள் அப்படிச் சொன்னதில் நியாயம் உண்டென்றே நான் நினைக்கிறேன். எவரும் விரும்பாத காரியத்துக்காகப் பாடுபடும் சிறிய இயக்கத்துக்குச் செலவு அதிகமாகத்தான் ஆகும். பொய் சொல்லிப் பணம் பெற்றால் மட்டும் வழக்குத் தொடரலாம் என்று அதே நீதிமன்றம் 2003-ல் தெளிவுபடுத்தியது. 2015-ல் மத்திய வர்த்தகக் கமிஷன், ஐம்பது மாகாணங்களுடனும் சேர்ந்து, புற்றுநோயின் பெயரால் நடந்த நான்கு ஸ்தாபனங்கள்மீது வழக்குத் தொடர்ந்தது. 2008 முதல் 2012 வரை அவை திரட்டியது 18 கோடியே 70 லட்சம் டாலர் என்றும், அதில் பெரும்பகுதி நடத்தியவர்களுக்கும் அவர்கள் உறவினருக்கும் நிதி திரட்டும் ஒப்பந்தக்காரருக்கும் போயிற்று என்றும் குற்றம் சாட்டியது. அத்தகையவர்களோடு உங்களை நான் ஒருபோதும் சேர்க்கமாட்டேன். ஆனால், சட்டம் கைவைக்க முடிந்தது அத்தகையவர்கள்மீது மட்டுமே என்பதைக் கவனியுங்கள். அதற்கு இப்பாலுள்ள பெரிய பரப்பில், பொய் அல்லாததும் நேர்மை அல்லாததுமான அந்தப் பரப்பில், காவல் வேலை உங்களுடையது.

பிரிட்டனில் இந்தக் காவல் தவறியதன் விளைவை அந்நாட்டார் 2015-ல் கண்டார்கள். பிரிஸ்டல் நகரில், போரில் மடிந்தோரின் நினைவாகச் செந்நிற பாப்பி மலர்களைத் தம் வாழ்நாள் முழுவதும் விற்றுக் கொடுத்துவந்த 92 வயது மூதாட்டி அவ்வாண்டு மே மாதம் உயிர்நீத்தார். அவருடைய மரணத்துக்குத் தர்ம ஸ்தாபனங்கள்மீது பழி சுமத்த வேண்டாம் என்று குடும்பத்தார் கூறினர். அதை நாமும் மதிப்போம். எனினும் பின்னர் நடந்த விசாரணையில், 99 ஸ்தாபனங்களின் ஜாபிதாக்களில் அவர் பெயர் இருந்ததும், ஒரே ஆண்டில் 466 கடிதங்கள் அளவுக்கு அவருக்கு வந்திருக்கக்கூடும் என்பதும், அந்த ஸ்தாபனங்களுள் பெரும்பாலானவை அவர் பெயரை மூன்றாமவரிடமிருந்து பெற்றவை என்பதும் வெளிவந்தன. அதன் பயனாக 2016-ல் நிதி திரட்டலுக்கென்று புதிய கண்காணிப்பு அமைப்பு ஏற்பட்டது. 2017-ல், இன்ன ஸ்தாபனம் எனக்கு எழுத வேண்டாம் என்று ஒருவர் தமக்காகவோ, இயலாத உறவினருக்காகவோ ஒரே இடத்தில் சொல்லி நிறுத்திக்கொள்ளும் வசதியும் வந்தது. கொடுத்தவர்களின் சொத்து எவ்வளவு என்று அவர்கள் அறியாமலே துப்பறியக் கொடுத்ததற்காக, 2016 டிசம்பரில் அரச பிராணிவதைத் தடுப்புச் சங்கத்துக்கு 25,000 பவுனும் பிரிட்டிஷ் இருதய ஸ்தாபனத்துக்கு 18,000 பவுனும் அபராதம் விதிக்கப்பட்டன. அடுத்த ஏப்ரலில் மேலும் பதினொரு ஸ்தாபனங்கள் அபராதம் செலுத்தின. இவை யாவும் நல்ல காரியம் செய்துவந்த, இன்றும் செய்துவரும் ஸ்தாபனங்கள். ஆதலால்தான் இந்தச் செய்தி எனக்கு அதிக வேதனை தருகிறது.

நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழியை நான் அறிவேன். கடிதம் அனுப்பாமல் பணம் வராது. புதியவர்களுக்கு அனுப்பும் நூறு கடிதங்களில் ஒன்றோ இரண்டோதான் பலிக்கும். முதல் நன்கொடை பெரும்பாலும் அதைப் பெற ஆன செலவுக்கே சரியாகப் போய்விடும். காசு ஒட்டிய கடிதத்துக்கு ஒட்டாததைவிட அதிகம் பேர் பதில் போடுகிறார்கள். அதிகப் பணம் வந்தால் அதிகக் குழந்தைகள் உண்பார்கள் அல்லவா என்பீர்கள். குழந்தைகள் உண்பது பெரிய காரியம். அதை லேசாக நினைப்பவன் அல்லன் நான். ஆனால் அந்த அதிகப் பதில் எவரிடமிருந்து வருகிறது என்ற கேள்வியை ஒப்பந்தக்காரரிடம் கேட்டிருக்கிறீர்களா? வசதியுள்ளவன் காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கடிதத்தைக் குப்பையில் எறிகிறான். அவன் மனம் உறுத்துவதில்லை. உறுத்துபவர் எவரோ அவர் மட்டுமே கொடுக்கிறார். அப்படியானால் இந்த உபாயம் செல்வத்தின்மேல் விதித்த வரி அன்று. நேர்மையின்மேல் விதித்த வரி. ஒரு குழந்தைக்கு உணவளிக்க, குளிரில் நடுங்கும் ஒரு கிழவியின் நேர்மையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது என்று உங்கள் ஆண்டறிக்கையில் எழுத முடியுமானால் எழுதுங்கள். எழுத முடியாததைச் செய்ய வேண்டாம்.

கடிதமே எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் உணவுப் பண்டங்களைச் சேர்த்து வறியவர்க்கு வழங்கும் சிறிய நிலையம் ஒன்று, நவம்பர் மாதத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே தாளில் ஒரு கடிதம் அனுப்பும். இந்த ஆண்டு இத்தனை குடும்பங்கள் வந்தன, ஆகஸ்டில் பால் போதவில்லை, குளிர்பதனப் பெட்டி ஒன்று பழுதாகி இருக்கிறது, உங்களால் இயன்றால் உதவுங்கள், இயலாவிட்டால் வருந்த வேண்டாம் என்பதே அதன் விஷயம். அம்மையார் அந்தக் கடிதத்தை மட்டும் என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஆகஸ்டில் பால் போதாமற்போனதைப் பற்றி விசாரித்தார். பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கிடைக்காதல்லவா, அதனால் இருக்கும் என்று தாமே காரணமும் கண்டுகொண்டார். அன்று அவர் எழுதிய செக், அந்தப் பருவத்தில் அவர் எழுதிய எல்லாவற்றிலும் பெரியது. எழுதும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். ஒப்பந்தக் காகிதம் அடுத்தமுறை உங்கள் முன் வரும்போது, தொகையை மட்டும் பார்த்துக் கையை உயர்த்தாமல், அனுப்பப்போகும் உறையையும் அதற்குள் இருக்கும் ஒவ்வொரு தாளையும் மேஜைமேல் பரப்பச் சொல்லுங்கள். ஒன்றைக் கையிலெடுத்து உரக்கப் படியுங்கள். இறுதி அறிவிப்பு என்றிருந்தால், எதற்கு இறுதி என்று கேளுங்கள். கையெழுத்துப் போலத் தோன்றினால், எழுதிய கை எவருடையது என்று கேளுங்கள். ஒரே வீட்டுக்கு ஆண்டில் எத்தனை முறை போகும், ஒரே மாதத்தில் மூன்று செக் வந்தால் இரண்டைத் திருப்பி அனுப்புவதற்கு எவரையேனும் நியமித்திருக்கிறோமா, பெயர்களை எவருக்கு வாடகைக்கு விடுகிறோம் என்றெல்லாம் கேளுங்கள். ஜாபிதாவை வாடகைக்கு எடுத்தவர் ஒருமுறைக்குமேல் உபயோகிக்கிறாரா என்று கண்டுபிடிக்க, அதற்குள் சில பொறிப் பெயர்களைச் சேர்த்துவைப்பது இத்தொழிலின் வழக்கம். அதுபோல உங்கள் தாயாரின் பெயரையும் விலாசத்தையும் அந்த ஜாபிதாவில் சேர்க்கச் சொல்லுங்கள். உங்களுடனே வந்து தங்கியிருந்து, பகலெல்லாம் தனியே சன்னலருகில் உட்கார்ந்து, தபால்காரர் வருவதையே ஒரு நிகழ்ச்சியாக எதிர்பார்க்கும் அந்தத் தாயாருக்கு ஓர் ஆண்டு முழுவதும் உங்கள் ஸ்தாபனத்தின் கடிதங்கள் வந்துகொண்டிருக்கட்டும். அவர் ஒவ்வொன்றையும் பிரித்து, இது என்னப்பா, நாம் இவர்களுக்கு ஏதாவது தரவேண்டுமா என்று உங்களைக் கேட்கட்டும்.

பனி உருகியபின் அம்மையாரின் மகள் வந்து அவரைத் தன்னோடு அழைத்துச் சென்றாள். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, அம்மையார் அந்தக் கண்ணாடிச் சீசாவை என் கையில் கொடுத்து, இவற்றை உரியவர்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நான் வாக்களித்தேன். வீட்டுக்கு வந்து எண்ணத் தொடங்கியபின்தான் இதன் கஷ்டம் தெரிந்தது. எல்லா நாணயத்திலும் ஜெஃபர்ஸனின் முகமே இருக்கிறது, அனுப்பியவர் பெயர் எதிலும் இல்லை. உறைகளோ என்றைக்கோ குப்பைக்குப் போய்விட்டன. ஆதலின் இம்மடலைப் படிக்கும் உங்களில் ஒவ்வொருவரும், சென்ற ஆண்டில் உங்கள் ஸ்தாபனம் ஒஹாயோவுக்கு அனுப்பிய கடிதங்களில் ஐந்து சென்ட் ஒட்டப்பட்டிருந்ததா என்று காரியாலயத்தில் விசாரித்து, ஆம் எனில் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எத்தனை முறை அனுப்பினீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். சீசாவிலிருந்து அத்தனையும் எண்ணி எடுத்து என் தபால் செலவிலேயே அனுப்பிவைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மையார் தொலைபேசியில் அழைக்கும்போது, என் மனைவியின் சுகத்தைக் கேட்டபின் அடுத்ததாகக் கேட்பது, அந்தக் காசெல்லாம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்